இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையங்கள் வரவர வாடகை ஏறும், தெரிந்த முகங்கள் குறையும். கிள்ளானில் ஒரு முழு வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறைதான் கிடைக்கும். அந்த அறைக்கு யார் வந்து போகிறார்கள் என்று எட்டிப் பார்க்க உங்கள் பெரியம்மாவின் சம்பந்தி அங்கே இருக்கமாட்டார். தன்பாலீர்ப்பு உள்ளவரோ, திருநங்கையோ, திருநம்பியோ, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடும் தமிழர் முதலில் முடிவு செய்யவேண்டியது இந்தப் பாதையில் தன்னுடைய ஸ்டேஷன் எது என்பதை.

நான் மூன்று இடங்களில் வாடகைக்குக் குடியிருந்தவன். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். வேலைக்கு வந்த பிறகு கிள்ளானில் ஒரு பிளாட், அப்புறம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை. இப்போது பெட்டாலிங் ஜெயா பழைய டவுனில் என் துணைவரோடு இரண்டு அறை வீடு. சுங்கை சிப்புட்டிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் பகாவிலிருந்தும் தம்பி தங்கைகள், "அண்ணே, எங்க வந்தா நிம்மதியா இருக்கலாம்?" என்று கேட்கும்போது நான் சொல்கிற பதில்தான் இந்த அத்தியாயம்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள்

பூசி மெழுகாமல் சொல்கிறேன். நமக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் நகரம் என்று மலேசியாவில் ஒன்றுகூட இல்லை. தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் "இயற்கைக்கு மாறான" உடலுறவுக்கு இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. இருவரும் மனமொத்த பெரியவர்கள் என்பது அங்கே எடுபடாது. "அநாகரிகச் செயலுக்கு" 377டி பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறை. 377 என்பது பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவுக்காக 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் அதே எண். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி மனமொத்த பெரியவர்களை அதிலிருந்து விடுவித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இன் இறுதியில் தன் 377ஏ-வை நீக்கியது. இங்கே அது அப்படியே நிற்கிறது.

இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஷரியா குற்றச் சட்டம் உண்டு. அது முஸ்லிம்களுக்கு மட்டும்தான். கிள்ளான் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது, பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில். அங்கே ஜாய்ஸ், இங்கே ஜாவி என்று சமய இலாகாவின் பெயர் மாறுமே தவிர வேலை ஒன்றுதான். இதே உடலுறவைக் குற்றமாக்கிய சிலாங்கூர் ஷரியா சட்டத்தின் 28-ஆம் பிரிவு செல்லாது என்று 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மத்தியச் சட்டம் ஏற்கெனவே பேசிவிட்ட குற்றத்துக்கு மாநிலம் தனியாகச் சட்டம் போட முடியாது என்பதுதான் காரணம். அந்தத் தீர்ப்பால் 377 போய்விடவில்லை. ஆனாலும் இந்த நாட்டு நீதிமன்றத்தில் நம் ஆள் ஒருவர் துணிந்து நின்று வென்ற வழக்கு அது, அதனால் எனக்கு அது பெரிது.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படி இருக்கும்? முஸ்லிமல்லாத இருவர் பூட்டிய கதவுக்குள் வாழும்போது 377-ஐத் தூக்கிக்கொண்டு போலிஸ் வந்து தட்டுவது அரிது. அந்தச் சட்டம் வேறு விதமாகக் கடிக்கும். வீட்டுக்காரரோடு சண்டை வந்தாலும், பழைய காதலன் மிரட்டினாலும், கைப்பையைப் பறிகொடுத்தாலும் போலிஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் கொடுக்க நம் கால் தயங்கும். நம்மை ஏமாற்ற நினைப்பவனுக்கு அந்தத் தயக்கம் நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள் தேடவேண்டிய வீடு, யாரும் மிரட்டுவதற்கு எதுவும் கிடைக்காத வீடு.

கூடும் இடங்களின் கதை தனி. 2018 ஆகஸ்ட்டில் கோலாலம்பூரில் நம்மவர்கள் பல ஆண்டுகளாகப் போய்வந்த ஒரு கேளிக்கை விடுதிக்குள் அதிகாரிகள் புகுந்தார்கள். 2022 அக்டோபரில் நகர மையத்தில் நடந்த ஹாலோவீன் விருந்துக்குள் ஜாவி நுழைந்தது. 2023 மே மாதம் வானவில் நிறக் கைக்கடிகாரங்களைக் கடை கடையாகப் போய்ப் பறிமுதல் செய்தார்கள். அந்த ஆண்டே அவற்றைத் தடையும் செய்தார்கள். "பக்கத்தில் நல்ல பார் இருக்கிறதா" என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இன்று திறந்திருக்கும் இடம் அடுத்த வருடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தப் புத்தகத்தில் நான் ஓர் இடத்தின் பெயரையும் அச்சிடவில்லை. நண்பர்கள் கிடைத்தபின் அவர்களே கூட்டிப்போவார்கள்.

கிள்ளான்: மலிவு, சொந்தம், கண்கள்

கிள்ளானை விட்டு நான் வந்துவிட்டேன். அந்த ஊர் இன்னும் என்னை விடவில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்து பாருங்கள். முறுக்கு வாசனையும் மைக் சத்தமும் பூக்கடைப் பெண்களின் கூப்பாடும் சேர்ந்து, தமிழன் இங்கே விருந்தாளியாக இருக்கவில்லை என்று நெஞ்சு நிறையும். 1892-இல் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் நடந்துபோகும் தூரம். வீட்டை இழந்து வந்த பிள்ளைக்கு இந்த நெருக்கம் மருந்து. நம்மில் பலர் குடும்பத்தோடு சேர்த்து மொழியையும் சாமியையும் சாப்பாட்டையும் இழந்துவிட்டதாக நினைத்து ஊரைவிட்டு ஓடிவருகிறார்கள். இழக்கத் தேவையில்லை.

மலிவும் உண்மைதான். புக்கிட் திங்கி, செந்தோசா, பண்டமாரான், மேரு, காப்பார் பக்கங்களில் மூன்று அறை பிளாட் சுமார் 700 முதல் 1,000 வெள்ளிக்குள் பார்க்கலாம். அறை மட்டும் என்றால் 350-லிருந்து 500. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025-இல் உயர்ந்ததே, அதை மட்டும் வாங்கும் ஒருவர் தனியாக, தன் பெயரில், தன் கதவோடு வாழ முடிகிற கடைசி ஊர்களில் கிள்ளானும் ஒன்று. மிக மலிவாக ஒரு வீடு வந்தால் மட்டும் 2021 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெரு எங்கே இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையேறி நின்றதை மறந்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.

கஷ்டம் எங்கே என்றால், தோட்டங்கள் உடைந்தபோது ஒரு லயத்துச் சனம் அப்படியே ஒரு பிளாட்டுக்குக் குடிவந்தது. முப்பது வருடம் ஆனாலும் லயத்துப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் சண்டை, யார் வீட்டுப் பையன் இன்னும் கட்டவில்லை என்பதெல்லாம் மூன்றாவது மாடியிலிருந்து கீழே மாமாக் கடைக்கு வருவதற்குள் தெரிந்துவிடும். நான் இருந்த பிளாட்டில் எதிர்வீட்டு அக்கா என்மேல் உண்மையான பாசம் வைத்திருந்தார். காய்ச்சல் என்றால் ரசம் வரும். "தம்பி, அந்தக் கூட்டாளி நேத்தும் இங்கதான் படுத்தாரா?" என்ற கேள்வியும் அதே கிண்ணத்தோடு வரும். அவரிடம் நான் இரண்டு வருடம் பொய் சொன்னேன். பொய் சொல்லிக்கொண்டே ஒருவரை நேசிப்பது எவ்வளவு களைப்பானது என்று அங்கேதான் தெரிந்தது. கிள்ளான் வாடகையோடு அந்தக் களைப்பையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். சிலரால் சுமக்க முடியும். என்னால் முடியவில்லை.

திருநங்கைகளுக்குக் கிள்ளான் ஒரே நேரத்தில் தாய்வீடும் காயமும். அம்மா, மகள், பேத்தி என்று முறை வைத்து வாழும் தமிழ்த் திருநங்கைக் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. புதிதாக வரும் பிள்ளைக்குப் படுக்க இடமும், பூக்கட்டவோ மணப்பெண் அலங்காரமோ கற்றுக்கொள்ள ஒரு கையும் அங்கே கிடைக்கும். அதே கிள்ளானிலிருந்து போன 26 வயதுத் தமிழ்த் திருநங்கை ஒருவர் 2017 பிப்ரவரியில் குவாந்தானில் கொல்லப்பட்டார். பூக்கடையில் வேலை பார்த்தவர். 2019 பிறந்த வேளையில் கிள்ளானிலேயே இன்னொரு திருநங்கை அடித்துக் கொல்லப்பட்டார். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழி எது, அந்த வழியில் விளக்கு எரிகிறதா, ஆளிருக்கும் கடை இருக்கிறதா என்று பார்க்காமல் திருநங்கை ஒருவர் எந்த ஊரிலும் வீடு எடுக்கக்கூடாது. வாடகை ஐம்பது வெள்ளி கூடினாலும் மெயின் ரோட்டு ஓரமாக எடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: கூட்டத்துக்குள் ஒளிவு

2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த பிறகு உலகம் இதை லிட்டில் இந்தியா என்கிறது. குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ்தான். ஜாலான் துன் சம்பந்தனில் காலையில் நின்றால் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு பார்வையற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். பார்வையற்றோர் சங்கம் இங்கேதான். மகா விகாரையின் பிக்குகள், ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்குப் போகும் யாழ்ப்பாணத்துப் பாட்டிகள், விவேகானந்தா ஆசிரமத்து வாசல், காலேஜ் பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து வந்த உணவகத் தொழிலாளிகள், கே.எல். சென்ட்ரலிலிருந்து பெட்டியை இழுத்துவரும் பயணிகள் என்று ஒரு தெருவுக்குள் இத்தனை விதமான மனிதர்கள். இந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாடியும் மல்லிகைப்பூவுமாக ஒருவர் ஐந்தடிக் கடையில் நின்று வடை சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வடை போட்டவர் "சட்னி போதுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் ஆறு வருடம் அங்கே வாடகை கொடுத்தேன்.

வாடகை கடிக்கும். அறை 600-லிருந்து 1,000 வரை போகும். சென்ட்ரலை ஒட்டிய புதுக் கட்டடங்களில் ஒரு ஸ்டூடியோவே 1,500-ஐத் தாண்டும். பழைய கொண்டோக்களில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பதுதான் நடைமுறை. இங்கே குடியிருந்தால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றுக்கும் மலேசியர்களுக்கான மை50 பாஸ் மாதம் 50 வெள்ளிதான். கொமியூட்டருக்கு அந்தப் பாஸ் செல்லாது. கிள்ளானிலிருந்து தினமும் வந்துபோகிறவருக்கு டிக்கெட்டே மாதம் 200 வெள்ளியை எட்டும், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமும் போகும். வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது.

இரண்டு எச்சரிக்கைகள். தம்பிப்பிள்ளை ரோட்டுச் சந்துகளுக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது. இரவில் அந்தப் பக்கம் நடக்கும் திருநங்கையைப் போலிஸ் பாலியல் தொழிலாளி என்று நினைத்தே நிறுத்தும். கடைக்குப் போகிறவராக இருந்தாலும் சரி. சிறு குற்றங்கள் சட்டத்தில் "அநாகரிக நடத்தை" என்ற பொத்தாம்பொதுவான வார்த்தை அதற்காகவே காத்திருக்கிறது. அடுத்தது தீபாவளி. அக்டோபர் வந்தால் நாட்டிலுள்ள அத்தனை தமிழ்க் குடும்பமும் சேலை வாங்க இங்கேதான் இறங்கும். வருடத்தில் பதினொரு மாதம் உங்களை மறைக்கும் ஊர் அந்த ஒரு மாதம் உங்கள் ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தும். கைகோத்து நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் அந்த மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் இருக்கும் ஊர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்டாலிங் ஜெயா பழைய டவுன் அமைதியானது, ஓரளவு மலிவு, பல இனத்தவரும் கலந்து வாழ்கிறார்கள். சுபாங் ஜெயாவில் காலேஜ் பிள்ளைகள் அதிகம் என்பதால் இருவர் சேர்ந்து குடியிருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. செந்தூலில் தமிழ்ச் சூழலும் எல்.ஆர்.டி.யும் உண்டு, கிள்ளானின் கண்களும் கொஞ்சம் உண்டு. ரவாங், காஜாங் பக்கம் வீடு கிடைக்கும், நட்பு கிடைக்க நாளாகும். புதிதாக வருகிறவருக்கு என் யோசனை இதுதான்: முதல் ஆறு மாதம் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஓர் அறை எடுத்து ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முழு வீட்டை அதற்குப் பிறகு தேடலாம்.

வீட்டுக்காரரிடம் என்ன கேட்கவேண்டும்

வீடு பார்க்கும்போது எல்லோரும் தண்ணீர் வருகிறதா, பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்பார்கள். நீங்கள் முதலில் கேட்கவேண்டியது, இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பதை. வீட்டுக்காரரிடமா, ஏஜெண்டிடமா, முன்பு இருந்தவரிடமா, மாடிப்படியில் கடை வைத்திருக்கும் அவர் தம்பியிடமா? "எங்க மச்சான் அப்பப்ப வந்து பாத்துக்குவாரு" என்று பாசமாகச் சொன்னால் அந்த வீடு வேண்டாம். நான் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்விழித்தபோது வீட்டுக்காரரின் மகன் வரவேற்பறையில் நின்று மீட்டர் படித்துக்கொண்டிருந்தார். நானும் என் துணைவரும் உள்ளறையில். அந்த நிமிடத்தின் நடுக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. அதன்பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல் வரக்கூடாது, பூட்டை நான் மாற்றிக்கொள்ளலாம் என்ற இரண்டு வரிகள் இல்லாத ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மறுப்பதில்லை. "திருட்டுப் பயம்" என்று காரணம் சொல்லுங்கள், அது பொய்யும் அல்ல.

தமிழருக்கு இன்னொரு கதவும் அடைபடும். "சீனர் மட்டும்", "இந்தியர் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே விளம்பரம் வரும் நாடு இது. தனியார் வீட்டுக்காரர் இப்படிச் சொல்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை. குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டமே இன்னும் வரவில்லை. இனத்தைக் காட்டி மறுக்கும் வீட்டுக்காரர் மற்றதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வார் என்று யோசித்து, அந்தக் கதவைத் தட்டாமல் நகர்ந்துவிடுங்கள். அவமானத்தைத் தேடிப் போய் வாங்கவேண்டாம்.

முன்பணம் பொதுவாக இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 800 வெள்ளி வீட்டுக்குக் கையில் 2,800 இருக்கவேண்டும். வீட்டில் தெரிந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பும் நிலை வரலாம் என்று தோன்றினால், இந்தத் தொகையை உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் மூன்றும் உங்கள் கைக்கு வரட்டும். அம்மாவின் அலமாரியில் விட்டுவந்த பிறப்புப் பத்திரத்துக்காகத் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத தாள் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. இதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1950-ஆம் ஆண்டின் தனிநிலை நிவாரணச் சட்டம், 7-ஆம் பிரிவு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள முடியாது. உங்களைப் பற்றி ஏதோ தெரிந்துவிட்டது என்பதற்காக, "நாளைக்கே காலி பண்ணு" என்று கத்துபவரிடம் அமைதியாக அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அங்கேயே தங்கிவிடுவது உங்கள் நோக்கமாக இருக்காது. நிதானமாக வேறு வீடு பார்க்க நாள் கிடைக்கும், டெபோசிட்டும் திரும்பி வர வழி பிறக்கும்.

இருவராகக் குடியேறினால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் வரட்டும். "கூட்டாளிகள், வாடகையைப் பங்கு போடுகிறோம்" என்றால் இந்த நகரத்தில் யாருக்கும் வியப்பில்லை. ஒருவர் பெயர் மட்டும் இருந்து அவருக்கு ஏதாவது ஆனால், மற்றவர் அன்றே தெருவில். நம் உறவைச் சட்டம் பார்க்காது. உயில் இல்லாமல் ஒருவர் போய்விட்டால் சொத்து பெற்றோருக்கு, அவர்கள் இல்லாவிட்டால் உடன்பிறந்தாருக்குப் போகும், பத்து வருடம் கூட வாழ்ந்தவருக்கு ஒரு நாற்காலிகூட மிஞ்சாது. முஸ்லிமல்லாதவர் உயிலை யார் பெயருக்கும் எழுதலாம். ஈ.பி.எஃப். சேமநிதியில் யாரையும் வாரிசாக நியமிக்கலாம், அந்தப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே சேரும். ஆனால் வீட்டார் நெருக்கடியில் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் முன்பு எழுதிய உயில் தானாக ரத்தாகிவிடும். கஷ்டமான பேச்சுதான். குடியேறிய முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள்.

உங்கள் துணையோ வீட்டுத் தோழரோ முஸ்லிமாக இருந்தால் கணக்கு வேறு. வீட்டுக்குள்ளும் சமய அதிகாரிகள் வரலாம். ஆபத்து பெரும்பாலும் அவருக்குத்தான். அக்கம்பக்கம் அதிகம் பேசாத, பாதுகாவலர் உள்ள கொண்டோவை அவருக்காகத் தேர்ந்தெடுங்கள். அவர் அறையில் அவர் துணிமணி, அவர் படுக்கை தனியாக இருக்கட்டும்.

ஐசியின் கடைசி எண்

திருநங்கைகளும் திருநம்பிகளும் வீடு தேடும்போது எல்லாம் ஒழுங்காகப் போய், ஏஜெண்ட் ஐசி நகல் கேட்கும் நிமிடத்தில் உடைந்துபோகும். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். முகம் ஒன்று சொல்லும், எண் வேறு சொல்லும். 2016-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு திருநம்பிக்கு ஐசியை மாற்றித் தர உத்தரவிட்டது. 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சில மாதங்கள் எத்தனை பேர் நம்பிக்கையோடு தூங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த எண்ணை மாற்ற முடியாத வரையில், ஆள் மூலமாக வீடு பாருங்கள். திருநங்கைகளுக்கு ஏற்கெனவே வாடகைக்கு விட்டு, நேரத்துக்கு வாடகை வந்ததைக் கண்ட வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் வாய்வழியாகவே சுற்றும். சௌக்கிட்டில் நிஷா அயூப் உருவாக்கிய சீட் அமைப்பு வீடும் வேலையும் இல்லாமல் நிற்கும் திருநர்களுக்குக் கைகொடுக்கிறது. அந்த நிஷாவுக்கு 2016-இல் அமெரிக்க அரசின் துணிச்சல் மிக்க பெண்களுக்கான விருது கிடைத்தது. ஒரு காலத்தில் இந்த நாட்டுச் சிறையில் ஆண்கள் பகுதியில் அடைக்கப்பட்டவர் அவர். கைது, துன்புறுத்தல் என்று வந்தால் 2010 முதல் இயங்கும் ஜஸ்டிஸ் ஃபார் சிஸ்டர்ஸ் குழுவை அணுகலாம்.

போலிஸ் நிறுத்தினால் எதற்காக என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கைதானால் காரணத்தைச் சொல்லவேண்டும், வக்கீலோடு பேச விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகவேண்டும். வக்கீல் மன்றம் வெளியிட்ட சிவப்புப் புத்தகம் தமிழிலும் உண்டு, ஒரு பிரதி பையில் இருக்கட்டும். வக்கீலுக்குப் பணம் இல்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இலவசமாக ஆள் அனுப்பும்.

உடம்பையும் மறக்கவேண்டாம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. எச்.ஐ.வி. மருந்து அரசு தருகிறது. தொற்று வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை 2023 முதல் சில அரசு கிளினிக்குகளில் கிடைக்கிறது. அங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று கூசுகிறவர்கள் 1987-இல் தொடங்கிய பி.டி. பவுண்டேஷனுக்குப் போகலாம். ரகசியமாகப் பரிசோதனை செய்வார்கள், கண்ணியமாகப் பேசுவார்கள். தனிமை கழுத்தை நெரிக்கும் இரவில் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். தற்கொலை முயற்சி 2023-இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, அதனால் பயமில்லாமல் பேசுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைப் பாஸில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் துணைக்குச் சார்ந்தோர் பாஸ் கிடைக்காது. சின்ன வழக்கில் மாட்டினாலும் பாஸ் போய்விடலாம். சென்னையில் இன்று உங்களுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இங்கே இல்லை. குடும்பத்தின் பார்வையிலிருந்து தள்ளி இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் வருவதென்றால் பெங்களூரையும் யோசித்துப் பாருங்கள். இங்கிருந்து கிளம்ப நினைக்கிறவர்கள் சிங்கப்பூரையும் பாங்காக்கையும் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் சட்டம் தளர்ந்தது, வாடகை தளரவில்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் நம்மவர்கள் பதிவுத் திருமணமே செய்துகொள்கிறார்கள், ஆனால் வேலையும் மொழியும் சும்மா கிடைக்காது. போக முடிகிறவர்கள் போங்கள், மனமார வாழ்த்துகிறேன். பெற்றோர் வயதாகிவிட்டதால் போக முடியாதவர்களுக்குத்தான் இந்த அத்தியாயத்தை எழுதினேன், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருவன்.

அம்மா வரும் நாள்

எந்த வீடு எடுத்தாலும் ஒரு நாள் அம்மா வருவார். மருத்துவமனை அப்பாயின்மென்ட், பத்துமலைத் தைப்பூசம், சும்மா பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று ஏதாவது ஒன்று. துணையோடு வாழ்கிறவர்கள் ஓர் அறை வீட்டை எடுத்து மாதம் இருநூறு முந்நூறு வெள்ளி மிச்சம் பிடிப்பதைப் பார்க்கிறேன். என்னால் முடிந்தால் எல்லோரையும் இரண்டு அறை எடுக்கச் சொல்வேன். இரண்டாவது அறையில் ஒரு கட்டில், மெத்தைவிரிப்பு, துணி மாட்டிய அலமாரி, சுவரில் ஒரு காலண்டர் என்று ஆள் புழங்கும் அறையாக இருக்கட்டும். அம்மா அறைகளை எண்ணுவார், கட்டில்களை எண்ணுவார், குளியலறையில் பல்துலக்கிகளையும் எண்ணுவார்.

எங்கள் வீட்டுக்கு அம்மா முதல் முறை வந்தபோது என் துணைவர் அந்த இரண்டாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்காவது முறை வந்தபோது அம்மா இரண்டு டப்பா எடுத்துவந்தார். ஒன்றில் எனக்குப் பிடித்த நெத்திலி சம்பல், மற்றதில் காரமில்லாமல் வறுத்தது. "அவருக்கு வயித்துப்புண்ணுன்னு சொன்னியே" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றிரவு அம்மா அந்த இரண்டாவது அறையில்தான் படுத்தார். கட்டில் நன்றாக இருக்கிறது, மெத்தையை மட்டும் மாற்று என்று காலையில் சொல்லிவிட்டு, கொமியூட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனார்.